கேனுக்குள் இருந்த காளை

எங்கள் மருத்துவமனையில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களில் யாராவது இளையவர்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி எழுத வேண்டுமாம். இப்போது லேபில் வேலை செய்கிற பெண் போனில் கேட்டபோது, ஊக்கம் தருகிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லையம்மா, வேண்டுமானால் ஒரு காளையைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஓசூரில் குழந்தை இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற அந்த மருத்துவமனையில் விந்தணுப் பரிசோதனை செய்கிற ஆளாக நான் சேர்வதற்கு முன்னால், மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்தவன்.

சிங்காரப்பேட்டைப் பக்கம் ஊர் ஊராக மொபெட்டில் போவேன். பின்னால் சைக்கிள் டியூபால் கட்டிய திரவ நைட்ரஜன் கேன். அதற்குள் மெல்லிய ஸ்ட்ராக்களில் உறைந்து கிடக்கும் காளை விந்து. படிப்பு என்று சொன்னால், பயிற்சிக் காலத்தில் காளை விந்தை வைத்து மைக்ராஸ்கோப் பார்க்கக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எங்கள் டாக்டரம்மா ஓசூரில் மருத்துவமனை ஆரம்பித்தபோது நைட்ரஜனுக்குப் பயப்படாத ஆளாகத் தேடியிருக்கிறார். எனக்குப் பயம் இல்லை. துணிச்சல் என்று சொல்ல முடியாது, விவரம் பற்றாது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா தெலுங்கு வீட்டுப் பெண், ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழியும் வரும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. நான் ஒழுங்காக இருந்தால் 'தங்கராசு'. தப்புச் செய்தால் 'தங்கராசு காரு'. தெலுங்கில் அது மரியாதைச் சொல். எனக்கு அந்த மரியாதை நிறையவே கிடைத்தது.

சேர்ந்த முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. நல்ல காளையின் விந்தை ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஆடி மாதக் காற்றில் புழுதி சுழல்கிற மாதிரி சுழலும். அதைப் பார்த்துப் பழகிய கண். முதன்முதலாக ஒரு மனிதருடைய சாம்பிளை வைத்துப் பார்த்தேன். ஒரு சுழலையும் காணோம், அங்கொன்றும் இங்கொன்றுமாக நீந்திக்கொண்டிருந்தன. ஓடிப்போய், மேடம், இவருக்கு ரொம்ப மோசம், என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் வந்து பார்த்தார்.

"தங்கராசு காரு, இது ஒண்ணும் மோசம் இல்ல. மனுசனுக்கு இவ்வளவுதான்."

அன்றைக்கு ஆண் இனத்தின் மேலேயே எனக்கு மதிப்புக் குறைந்துவிட்டது.

இன்னொன்றும் அவரிடம் உண்டு. எத்தனை முறை பார்த்தும் ஒரு விந்தணுகூடக் கண்ணில் படாவிட்டால், 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'பார்க்கவில்லை' என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, நீங்கள் பார்த்தது சில சொட்டு, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்பார். பார்க்கவில்லை என்று சொன்னால் உடனே, "இன்னொரு சொட்டு பாருங்க" என்பார். இதற்குப் பயந்தே நான் பல நாள் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொள்வேன்.

உறவுக்காரர்களிடம் லேப் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். கல்யாண வீடுகளில் எனக்குத் தெரியாமலே என் பையில் மூத்திரப் பாட்டில்களைப் போட்டுவிடுவார்கள், சர்க்கரை பார்த்துச் சொல்லச் சொல்லி. உண்மையைச் சொல்வதைவிட இது சுலபம் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வருடக்கணக்காகச் சர்க்கரை பார்த்துக் கொடுத்தேன். இப்படிப்பட்ட ஆளிடம்தான் அருண் வந்து சேர்ந்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. அருணுக்குப் பத்தொன்பது வயது. டிப்ளமா முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தான். நல்ல உயரம். மீசையும் இல்லை, தாடியும் இல்லை. எப்போதும் தொளதொள சட்டை போட்டு, ஒரு பைலை மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பான். வேலைக்கு முன் நடக்கிற உடல் பரிசோதனையில் ஏதோ சந்தேகம் வந்து அனுப்பியிருந்தார்கள். அப்பா சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்துகொண்டு, இன்னொரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளந்து பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிக்கிற வேலை.

டாக்டரம்மா அருணின் ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பிக் குரோமோசோம் பார்த்தார். ஆண்களுக்குப் பொதுவாக ஒரு எக்ஸ், ஒரு ஒய். இவனுக்குப் பிறவியிலேயே ஒரு எக்ஸ் கூடுதல். அப்பா அம்மா யார்மேலும் குற்றம் இல்லை, பல பேருக்கு இருக்கிறது, தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். விதைப்பை சரியாக வேலை செய்யாததால்தான் மீசை இல்லாததும், சோர்வும், மார்பு சற்றுத் தடித்திருப்பதும். ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் அதெல்லாம் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் ஒரு சிக்கல். வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால் உடம்பு தன் பங்குக்குக் கொஞ்சநஞ்சம் விந்தணு உண்டாக்குவதையும் நிறுத்திவிடலாம். வயது ஏற ஏறவும் அது குறையும். அதனால் ஊசிக்கு முன்னால் தேடிப் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு கிடைத்தாலும் உறைய வைத்துவிட வேண்டும். பிற்காலத்தில் சொந்தப் பிள்ளை வேண்டுமென்றால் அது ஒன்றுதான் வழி.

சுடலைமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எம் பையன் ரிஜெக்ட்டா டாக்டர்?" என்றார்.

அவருக்குத் தெரிந்த சொல் அதுதான். அருண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். உங்கள் பையன் நன்றாகத்தான் இருக்கிறான், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நாம் தேட வேண்டியிருக்கிறது என்றார். பிறகு என்னைக் காட்டி, சாம்பிள் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று இவர் சொல்லுவார் என்றார்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், "அடுத்த வாரம் வந்து சாம்பிள் குடுக்கணும்." அவ்வளவுதான். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நிற்கும்போது அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், வெறுங்கால். கார்த்திகை பிறந்திருந்தது. பையனுக்கு நல்லபடியாக வைத்தியம் நடக்க வேண்டும் என்று சுடலைமுத்து வேண்டிக்கொண்டு, தானும் மாலை போட்டு, அவனுக்கும் போட்டுவிட்டிருந்தார். சாம்பிள் என்றால் ரத்தம் என்று நினைத்திருக்கிறார். பிரம்மச்சரிய விரதத்தில் இருக்கிற ஒருவரிடம் போய் நான் என்ன கேட்பது? மாலை போட்டவரை நாம் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டோம். நர்ஸ்கள் எல்லோரும், வாங்க சாமி, உட்காருங்க சாமி என்று எழுந்து நிற்கிறார்கள். நான் கையில் டப்பாவோடு நிற்கிறேன்.

"சாமி, இதுல... ஒண்ணுக்கு இருந்து குடுங்க சாமி," என்றேன்.

அவனும் கொடுத்தான். கொடுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் சர்க்கரை பார்த்தேன். டாக்டரம்மா உள்ளே வந்து என் கையில் இருந்த சோதனைப் பட்டையைப் பார்த்தார்.

"தங்கராசு காரு, சாமிக்குச் சர்க்கரை இருக்குதான்னு நான் கேட்டேனா காரு?"

இரண்டு காரு ஒரே வாக்கியத்தில் வந்தது அன்றைக்கு மட்டும்தான். பிறகு அவரே வெளியே போய்க் கும்பிட்டு, மலைக்குப் போய்விட்டு வாருங்கள், மாலையைக் கழற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஊசி மட்டும் அதுவரை எங்கேயும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சில நாள் கழித்து அருண் தனியாக வந்தான். லேப் வாசலில் செருப்பில்லாத கால்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டு நின்றான். தெரிந்த மருந்துக் கடையில் அந்த ஊசி கிடைக்கிறதாம், போடவும் ஆள் இருக்கிறதாம்.

"பொங்கல் முடிஞ்சா டிரெய்னிங்ல சேரணும் சார். காலேஜ்ல என்னை என்னா பேரு வெச்சிக் கூப்புட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அங்கயும் அப்பிடியே போய் நிக்கச் சொல்றீங்களா? எனக்கு மீசை வந்தாப் போதும். புள்ளையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

இந்த இடத்தில் கற்ற மனிதர் யாராவது இருந்திருந்தால் நல்லபடியாக எடுத்துச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்தது காளை மட்டும். அதைத்தான் சொன்னேன். எங்கள் பக்கத்துக்கு ஸ்ட்ரா வந்துகொண்டிருந்த ஒரு காளை ஒரு நாள் செத்துப்போனது. ஆனால் அது செத்து வெகுகாலம் கழித்தும் ஊத்தங்கரைப் பக்கம் அதன் கன்றுகள் பிறந்துகொண்டே இருந்தன, அதே நெற்றிச் சுட்டியோடு. முன்னாலேயே எடுத்து உறைய வைத்திருந்ததால்தானே? வைக்காமல் விட்டிருந்தால் அப்புறம் யார் நினைத்தாலும் முடியாது, மீசை அடுத்த வருசம்கூட வரும், என்றேன்.

அருண் என்னையே பார்த்தான். "சார், நான் மாடா?"

இல்லப்பா, உன்னைவிட அது நல்லா சொன்ன பேச்சு கேக்கும், என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் சிரித்தான். அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்டிப்பாக இருக்குமா என்று கேட்டான். தெரியாது, தேடுவோம் என்றேன். மருந்துக் கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனான்.

மலையிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றிவிட்டுப் பிரசாதத்தோடு வந்தான். என்னிடம் மட்டும் மெதுவாக, "பம்பையில சட்டையக் கழட்டிட்டுக் குளிச்சேன் சார்" என்றான். விவரம் தெரிந்த நாளிலிருந்து நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றாத பையன். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அவங்கவங்க குளிரு அவங்கவங்களுக்கு."

அந்த விரதம் எங்கள் வேலைக்கு வந்த தடங்கல் என்றே அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எவ்வளவு பெரிய மடையன் என்பது எனக்கே இப்படித் தவணை முறையில்தான் தெரியவரும்.

இந்த முறை சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய மாதிரியே சொன்னேன், அருணைத் தனியாக உட்கார வைத்து. சாம்பிள் வந்தது. வெதுவெதுப்பான தட்டில் வைத்து இளகும்வரை காத்திருந்தேன். கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கண்ணில் படவில்லை. பிறகு சுழற்றுகிற மெஷினில் போட்டு, அடியில் படிகிற வண்டலை மட்டும் எடுத்துச் சின்னச் சின்னச் சொட்டுகளாகப் பிரித்து வைத்தேன். ஒவ்வொரு சொட்டையும் ஓர் ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரை, திரும்பி அடுத்த வரிசை, ஏர் ஓட்டுகிற மாதிரி ஒரு சால்கூட விடாமல் பார்க்க வேண்டும். நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வரும்வரை கண்ணைக்கூட எடுக்காமல் இருட்டு மைக்ராஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் தவறிவிடும் என்ற பயம். கரண்ட் வந்து பார்த்தால், என் கையே சொட்டு வைத்த தட்டை இடித்து நகர்த்தியிருந்தது. மறுபடி முதலிலிருந்து.

எல்லாச் சொட்டும் முடிந்தது. "பார்க்கல மேடம்," என்றேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார். அவரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு சாம்பிள். அதிலும் இல்லை. மன்னிக்கவும், பார்க்கவில்லை.

விதைப்பைக்குள்ளேயே எங்காவது ஒரு மூலையில் உண்டாகிக்கொண்டிருக்கலாம், வெளியே வரும் அளவுக்கு இல்லாமல் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அவரோடு படித்தவர் ஒருவர் பெங்களூரில் இருந்தார். மைக்ராஸ்கோப் வைத்துக்கொண்டே அறுவை செய்து, உள்ளே நூல்நூலாக இருக்கிற குழாய்களில் தேறுகிற மாதிரி தெரிகிறவற்றை மட்டும் எடுப்பவர். அருண் சரி என்றான். அவனுடைய அம்மாவுக்கு மயக்க ஊசி என்றால் பயம். சுடலைமுத்து என்னிடம் வந்து, நீங்களும் வாரீகள்லா என்று கேட்டார். கேனோடு போனேன்.

அங்கே அறுவை அறையிலிருந்து கண்ணாடித் தட்டுகளில் துணுக்குத் துணுக்காகத் திசு வரும். இரண்டு ஊசி முனையால் அதைக் கிழித்துப் பிரித்துத் தேட வேண்டும். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் டாக்டரம்மா. ஒவ்வொரு தட்டாக வந்தது. ரத்த அணுக்கள், குப்பை, மறுபடி ரத்த அணுக்கள். எனக்கு முதுகு விட்டுப்போனது. ஒரு கட்டத்துக்கு மேல் நான் தேடவில்லை, அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதுப் பையனைச் செத்துப்போன காளைக் கதை சொல்லிக் காத்திருக்க வைத்தவன் நான்தானே.

அப்போது பக்கத்தில் டாக்டரம்மா தெலுங்கில் மெதுவாக, "உந்தி" என்றார். இருக்கிறது.

எழுந்து போய்ப் பார்த்தேன். ஒன்றே ஒன்று. வால் எப்போதாவது ஒரு முறை துடிக்கும், அப்புறம் சும்மா இருக்கும். காளை வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் அந்த மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் தட்டில் விழுந்துவிடப் போகிறது, தள்ளிப் போய் அழுங்க, என்றார் டாக்டரம்மா. மரியாதைச் சொல் வரவில்லை. அந்தத் தட்டிலும் அடுத்ததிலுமாக இன்னும் சில கிடைத்தன. ஸ்ட்ராக்களில் அடைத்து உறைய வைத்து என் கேனில் இறக்கினோம். பெங்களூரிலேயே வைத்திருக்கலாம். சுடலைமுத்துதான், ஓசூரில் உங்கள் கண்முன்னால் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் வாடகைக் காரில் திரும்பினோம். முன்னால் சுடலைமுத்து. பின்னால் அருண், தையலோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நடுவில் கேன், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தி, கேனைத் தட்டிப் பார்த்து, பாலா என்று கன்னடத்தில் கேட்டார். மனித விந்தணு என்பதற்குக் கன்னடத்தில் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், பழைய வாய் முந்திக்கொண்டது.

"ஹோரி வீர்யா சார்." காளை விந்து.

இதோடு முடியும் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் வீட்டில் ஒரு பசு இருக்கிறதாம், எத்தனை ஊசி போட்டும் சினை நிற்கவில்லையாம். எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றார்.

இவையெல்லாம் ஏற்கெனவே சொல்லி வைத்தவை சார், ஒன்றுகூடத் தர முடியாது என்றேன். மூடியையாவது திறந்து காட்டுங்கள் என்றார். திறந்தால் கெட்டுவிடும் என்று கேன்மேலேயே கவிழ்ந்துவிட்டேன். அவருக்கு ஆவல் கூடிவிட்டது. அப்படி என்ன உசத்திக் காளை, எந்த ஊர் என்றார்.

"திருநெல்வேலிப் பக்கம் சார். நல்ல உயரம்."

அருண் குலுங்க ஆரம்பித்தான். கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க சார், தையல் இழுக்குது," என்று முனகினான். போலீஸ்காரர் முன்னால் இருந்த சுடலைமுத்துவிடம் குனிந்து, இவர் சொல்வது நிஜமா, காளை அவ்வளவு நல்லதா என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். தேறியது, தேறாதது என்று பிரிப்பதே வேலையாக இருந்த அந்த மனிதர் திரும்பித் தன் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க ஊரு காளைதான் சார். நல்ல காளை. ஒரு கொறையும் கெடையாது," என்றார்.

பசு எப்போது கன்று போட்டது, தீவனம் என்ன என்று நான் நடுரோட்டில் நின்று விசாரித்து, தாது உப்புக் கலவை கொடுக்கச் சொல்லி, ஆனேக்கல் பக்கம் எனக்குத் தெரிந்த சினை ஊசிக்காரரின் நம்பரையும் கொடுத்த பிறகுதான் போலீஸ்காரர் எங்களை விட்டார்.

அந்த வாரமே அருணுக்கு ஊசி ஆரம்பித்தார்கள். மீசை வந்தது. நான் வாராவாரம் கேனுக்குள் அளவுகோலை விட்டு, பனி படிகிற கோட்டைப் பார்த்து நைட்ரஜன் ஊற்றினேன். என் கல்யாண நாளை மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கேனை மறந்ததில்லை. பல வருடம் கழித்து அருண் ஒரு பெண்ணைப் பார்த்து, எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி, அவளும் சரி என்ற பிறகு கல்யாணம் செய்துகொண்டான். முதல் முறை ஸ்ட்ராவை எடுத்தபோது கரு தங்கவில்லை. மூன்று பேரும் அழுதோம். இரண்டாவது முறை தங்கியது.

போன மாதம் அருண் குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்திருந்தான். அத்திப்பள்ளியில் இப்போது அந்தச் சாவடியே இல்லையாம். மகள் ரெண்டாம் வகுப்பு. அப்பனைப் போலவே உயரம். இந்தத் தாத்தா யார் என்று அவனிடம் கேட்டாள்.

"மாட்டு டாக்டரு பாப்பா," என்றான், என்னைப் பார்க்காமல்.

அவள் விடவில்லை. "நம்ம வீட்ல மாடே இல்லியே?"

"ஒரு காளை இருந்துச்சி. அத்திப்பள்ளியில ஒரு போலீஸ்காரரு கேட்டாரு. தாத்தாதான் குடுக்கல."